மார்கழிக் குளிரில் கோழிக்கு என்ன தீனி? வாசகர் கேள்வி - பதில்

கார்த்திகை பிறந்ததிலிருந்து மலைப்பகுதி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. குளிர் இறங்கியதும் கோழி முட்டையைக் குறைத்துவிட்டது. தீனியை மாற்ற வேண்டுமா, கூட்ட வேண்டுமா, உடம்புக்குச் சூடு தரும் பொருள் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவற்றுள் ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைத் தவிர்த்து, மற்றவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

தலைக்குந்தா, உதகமண்டலம் அருகிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, வீட்டின் பின்புறம் பன்னிரண்டு கோழிகள் வளர்க்கிறோம். சில வனராஜா என்னும் கலப்பினம், மற்றவை நாட்டுக்கோழி. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கிறது. முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. தீனியை இரு மடங்காக்கலாமா?

குளிருக்காக மட்டும் இரு மடங்கு வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சுற்றுப்புறம் 18 முதல் 24 டிகிரி வரை இருக்கும்போது, அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள அது தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் தீனித் தேவை சுமார் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் கூடுகிறது என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஊரில் இரவு வெப்பம் உறைநிலையைத் தொட்டாலும், பகலில் வெயில் அடிக்கும்போது 20 டிகிரி அளவுக்கு ஏறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாளின் சராசரி 10 அல்லது 12 டிகிரியில் நிற்கும். அப்படியானால் நாளொன்றுக்கு 100 கிராம் தின்னும் கோழிக்கு 110 முதல் 115 கிராம் போதும். பன்னிரண்டு கோழிகளுக்கும் சேர்த்துக் குளிருக்காகக் கூட்டிப் போட வேண்டியது 120 முதல் 180 கிராம்தான். இரு மடங்கு போட்டால் மிச்சம் எலிக்குப் போகும். எலி தின்னாததைக் கோழி தின்று வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். கொழுத்த கோழி முட்டையை மேலும் குறைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு, தீனி முழுவதையும் நம் கையால் பெறும் கோழிக்கு உரியது. மேயும் நாட்டுக்கோழிக்கு வேறொரு இழப்பு இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. மற்ற மாதங்களில் அது தன் உணவில் பாதியைத் தானே கிளறித் தேடிக்கொள்கிறது. உறைபனி விழும் நாட்களில் புல் கருகிவிடுகிறது, புழு பூச்சி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, பனி உருகும் வரை கோழி வெளியே காலெடுத்து வைக்கவே தயங்குகிறது. ஆகவே உங்கள் கோழிகளைப் பொறுத்தவரை குளிரால் கூடும் தேவையைவிட மேய்ச்சலில் விழும் துண்டுதான் பெரியது. இதுவரை ஒரு கோழிக்கு 40 கிராம் போட்டு வந்தீர்கள் என்றால், தை முடியும் வரை 70 அல்லது 80 கிராமாக உயர்த்துங்கள். அது அந்தக் கோழியின் முழுத் தேவை அன்று. மேய்ச்சலில் கிடைக்காமல் போனதற்கான ஈடு.

போதுமா போதாதா என்பதைத் தெரிந்துகொள்ளத் தராசு தேவையில்லை. இரவு கோழி பரணில் ஏறி அமர்ந்தபின் அதன் கழுத்தின் அடியில், மார்பின் வலப்புறம் இருக்கும் தீனிப்பையை விரல்களால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது நிறைந்து, உள்ளே தானியம் நெருடினால் கோழி வயிறார உண்டிருக்கிறது. தொளதொளவென்று வெறுந்தோலாக இருந்தால் அது பசியோடுதான் இரவைக் கழிக்கப் போகிறது. அப்படியே மார்பெலும்பையும் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி முனைபோல் கூராகத் தட்டுப்பட்டால் கோழி இளைத்திருக்கிறது.

முட்டை குறைந்ததற்குத் தீனி மட்டுமே காரணம் அன்று. கோழி தொடர்ந்து முட்டையிட ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டும்; டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் நீலகிரியில் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு வயதைக் கடந்த கோழிகள் இறகு உதிர்ப்பதும் இந்தப் பருவத்தில்தான். இவ்விரண்டையும் தீனியால் மட்டும் சரிசெய்ய முடியாது. கோழி இளைக்காமல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால், மாசி பங்குனியில் நாள் நீளும்போது முட்டை தானாகத் திரும்பும்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: மாலையில் மக்காச்சோளம் போட்டால் கோழிக்குக் குளிர் தெரியாது என்று மாமியார் சொல்கிறார். கொள்ளு, மிளகு, சுக்கு, கருப்பட்டி ஆகியவற்றையும் அரைத்துத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். சரியா?

மாமியார் சொன்னதில் முதல் பாதி முற்றிலும் சரி. கோழி அடையும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாக முழுத் தானியமோ உடைத்த தானியமோ போட்டால், அது தீனிப்பையை நிரப்பிக்கொண்டு பரணேறும். மாவுத் தீவனம் விரைவில் கீழே இறங்கிவிடும். தானியம் ஊறி, அரவைப்பையில் அரைபட்டு, இரவில் வெகுநேரம் வரை சிறிது சிறிதாகச் செரிக்கும். செரிக்கும்போது வெளிப்படும் வெப்பமும் கோழிக்குப் பயன்படுகிறது. காலையில் போடும் சோளத்துக்கு இந்தப் பயன் இல்லை. காலையில் போட்டால் தானியத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புரதமும் சுண்ணாம்பும் உள்ள மாவைத் தட்டிலேயே விட்டுவிடும்.

அளவுதான் முக்கியம். ஒரு கோழிக்கு 15 கிராம், மிஞ்சினால் 20 கிராம்; பத்துக் கோழிக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 17 சதவீதம் வரையும், கால்சியம் மூன்றரை சதவீதம் அளவிலும் இருக்கும். மக்காச்சோளத்தில் புரதம் ஒன்பது சதவீதம், கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். பாதிக்குப் பாதி கலந்தால் கோழிக்குக் கிடைக்கும் புரதம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது, கால்சியம் பாதியாகிவிடுகிறது. குளிருக்கு நல்லது என்று நினைத்துச் சோளத்தை அள்ளிப் போட்டுவிட்டு, ‘தீனி நிறையத்தான் போடுகிறேன், முட்டையைத்தான் காணோம்’ என்று எழுதும் கடிதங்கள் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன.

சோளம் கிடைக்காவிட்டால் கம்பு நன்று. அதன் ஆற்றல் சோளத்தைவிடச் சற்றுக் குறைவு, புரதம் சற்று அதிகம். அரிசிக் குருணையும் ஆகும். தவிட்டில் கொழுப்பு உண்டுதான், ஆயினும் அது வெகு விரைவில் சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும் என்பதால் புதிதாக அரைத்ததை மட்டும் வாங்குங்கள்.

கொள்ளைப் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் பச்சைக் கொள்ளில் இருக்கிறது. வேகவைத்தால் அது பெருமளவு போய்விடும். வேகவைத்த கொள்ளைச் சிறிதளவு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது சோளத்தைவிட அதிகச் சூடு தராது. நம் உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கும் வழக்கத்தைக் கோழிக்கும் நீட்டிக்கொண்டு போகிறோம். மிளகாயின் காரத்தைப் பறவைகளின் நரம்பு உணர்வதே இல்லை. அதனால்தான் காட்டில் பறவைகள் மிளகாய்ப் பழத்தைக் கூசாமல் தின்கின்றன. அவற்றுக்கு மிளகும் சுக்கும் கம்பளிப் போர்வை ஆகிவிடா. கருப்பட்டித் தண்ணீர், நனைந்து துவண்டு போன கோழிக்கு ஒரு வேளை கைமருந்தாகக் கொடுக்கத் தக்கது. தினமும் கொடுத்தால் கழிச்சல் வரும், கூட்டின் தரையில் பரப்பிய கூளம் ஈரமாகும். குளிர்காலத்தில் ஈரக் கூளத்தைவிடக் கெடுதலானது வேறில்லை.

கேத்தியிலிருந்து ஒரு விவசாயி: எங்களிடம் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு கழிவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. தீவனச் செலவைக் குறைக்க இவற்றையே குளிர்காலத்தில் கோழிக்குப் போடலாமா?

காய்கறியை நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. கேரட்டிலும் கோஸிலும் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோழி அவற்றால் தீனிப்பையை நிரப்பிக்கொண்டால் உள்ளே போனது பெரும்பாலும் குளிர்ந்த நீர்தான். இரவு முழுவதும் உடம்பைக் காக்கும் ஆற்றல் அதில் இல்லை. எனவே கழிவு இலைகளை நண்பகலில், தீவனம் தின்று முடித்தபின் கொடுங்கள், மாலையில் கொடுக்காதீர்கள். முழுக் கோஸ் ஒன்றைக் கயிற்றில் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடலாம். மழையும் மூடுபனியுமாகக் கூட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களில் ஒன்றையொன்று கொத்திக்கொள்வது இதனால் குறைகிறது.

மலைக்காய்கறிக்கு மருந்து அடிப்பது உங்களுக்குத் தெரியாதது அன்று. கோஸின் வெளி மடல்களில்தான் அது அதிகம் தங்கும், கழிவில் வருவதும் அந்த மடல்கள்தான். மருந்தடித்துக் காத்திருப்பு நாட்கள் முடியாத தோட்டத்துக் கழிவைக் கோழிக்குப் போடவே வேண்டாம்.

உருளைக்கிழங்கில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமான கிழங்கு, முளை, செடியின் இலை ஆகியவற்றில் சோலனின் என்னும் நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அது போவதில்லை. பச்சை படராத கிழங்கை வேகவைத்து மசித்து, தீவனத்தில் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். அதில் மாவுச்சத்து உண்டு. பட்டர் ஃப்ரூட் என்று சந்தையில் விற்கும் வெண்ணெய்ப்பழம் பறவைகளுக்கு நஞ்சு. குன்னூரின் கீழ்ச் சரிவிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் அந்த மரம் வைத்திருப்பவர்கள், உதிர்ந்த பழத்தைக் கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேரட் கொடுத்தால் மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேரட்டின் நிறப்பொருளைக் கோழி பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொண்டுவிடும். கருவுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. நிறம் தருவது மஞ்சள் மக்காச்சோளமும் பச்சைக் கீரையும்தான்.

தளியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பக்கம் கேழ்வரகுதான் விளைகிறது. கோழிக்கும் அதையே போடுகிறோம். குளிர் தொடங்கியதிலிருந்து முட்டை ஓடு தொட்டால் உடைகிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்கிறார்களே, பிறகும் ஏன் இப்படி?

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பது மனிதருக்கான கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மற்ற தானியங்களோடு ஒப்பிட்டால் அது பல மடங்குதான். ஆனால் ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் போகிறது. தின்பதில் பாதியளவே உடம்பில் சேரும் என்பதால் முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம் வரை தேவை. உங்கள் கோழி நூறு கிராம் கேழ்வரகு தின்றாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. மேய்ந்து திரிந்த நாட்களில் நத்தை ஓடு, மண், சுவர்க்காரை என்று எதையாவது கொத்திக் குறையைச் சரிக்கட்டியிருக்கும்; இப்போது மேய்ச்சல் சுருங்கியதால் ஓடு மெலிந்துவிட்டது.

கிளிஞ்சலை அரிசியளவு நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானே தேடித் தின்னும், சேவலும் இளங்கோழியும் விட்டுவிடும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால் மாலையில் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது. கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டை வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடலாம். அடையாளம் தெரிந்தால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும். கேழ்வரகை நிறுத்த வேண்டாம். மொத்தத் தீனியில் கால்பங்குக்குள் வைத்துக்கொண்டு, மற்றதை முட்டைக்கோழித் தீவனமாகக் கொடுங்கள்.

மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவர்: காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் பனிக்கட்டி ஏடாகப் படிந்திருக்கிறது. தண்ணீரில் உப்போ சர்க்கரையோ போட்டால் உறையாது என்கிறார்கள். போடலாமா?

கூடாது. உறையாமல் தடுக்கும் அளவுக்கு உப்புப் போட்டால் அந்தத் தண்ணீர் கோழியைக் கொன்றுவிடும். சர்க்கரை கழிச்சலைத் தரும்.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஏனெனில் குளிர்காலத் தீனியைப் பற்றிப் பேசும் பலரும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கோழி தின்னும் தீனியின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீனிப்பையில் தானியம் ஊறாது, கோழி மேற்கொண்டு தின்னாது. ஓடு நீங்கலாக முட்டையின் எடையில் முக்கால் பங்கு நீர்தான். ஆக, நல்ல தீவனம் போட்டும் காலை ஒன்பது மணி வரை தண்ணீர் உறைந்து கிடந்தால், போட்ட தீவனத்துக்குப் பலன் கிடைக்காது.

இரவில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இருட்டில் கோழி தண்ணீர் குடிப்பதில்லை. விடிந்து கூட்டைத் திறக்கும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். கையை விட்டால் இதமாக இருக்கும் சூடு போதும், ஆவி பறக்க வேண்டாம். அடைவதற்கு முன், தானியம் போடும் வேளையில் மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். தகரக் கிண்ணத்தைவிடக் கனத்த பிளாஸ்டிக் தொட்டியோ மண்சட்டியோ சூட்டைச் சற்று அதிக நேரம் தாங்கும். கிண்ணத்தை ஒரு செங்கல் உயரத்தில், கூட்டுக்கு வெளியே, காலை வெயில் முதலில் படும் இடத்தில் வையுங்கள். கூட்டுக்குள் தண்ணீர் சிந்தினால் கூளம் நனையும். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா வாடை கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும், சளி நோய்க்கு வழிவிடும். காய்ந்த இறகோடு, காற்று நேராக அடிக்காத இடத்தில் அமர்ந்திருக்கும் கோழி உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கிக்கொள்ளும். நனைந்த கோழி தாங்காது.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: ஐப்பசி முதல் ஓயாத மழை, இப்போது மூடுபனி. மாவுத் தீவனம் கட்டி கட்டியாகிவிடுகிறது. வெயில் வந்தபோது காயவைத்துப் போடுகிறேன். தவறில்லையே?

ஈரம் பட்டு ஒரே நாளில் கட்டியானதை உதிர்த்து அன்றே போட்டுவிடலாம். முகர்ந்து பார்த்தால் பூஞ்சை வாடை வீசுவது, கட்டியை உடைத்தால் உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ திட்டுத் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை மேலும் வளராது. அது சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு வெயிலில் அழியாது, வேகவைத்தாலும் போகாது. அது ஈரலைத் தாக்கும், முட்டையைக் குறைக்கும், நோய் எதிர்ப்பைக் கெடுக்கும். ஒரு மூட்டைத் தீவனத்தை வீசுவது வயிறெரியும் செயல்தான். ஆனாலும் வேறு வழியில்லை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை முழுதாக வாங்குகிறது என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை உதகையைவிட அதிகம். மழைக்காலத்தில் மாதக் கணக்கில் வாங்கிச் சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஆவதை மட்டும் வாங்குங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் படாமல் வைத்து, அன்றாடத் தேவைக்கு மூடியுள்ள வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் விளிம்பு வரை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டு, மாலையில் தட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் பழைய மாவைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பூஞ்சை தொடங்கும் இடம் அந்த மூலைதான். காலையில் வெந்நீரில் பிசைந்த தீவனம் கொடுக்கும் வழக்கம் இருந்தால், அரை மணி நேரத்தில் தின்று தீரும் அளவே பிசையுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி: டிசம்பர் குளிரில் என் கோழிகளுக்கு இறகு கொட்டிக் கழுத்தும் முதுகும் வெறுமையாகத் தெரிகின்றன. நோயா? என்ன கொடுக்கலாம்?

கோழி சுறுசுறுப்பாக இருந்து, வெறுமையான தோலில் புது இறகுக் குருத்து முள்முள்ளாகத் தெரிந்தால் நோய் அன்று; ஆண்டுக்கொருமுறை இறகு மாற்றுகிறது. பேன், செள் இருக்கிறதா என்று மட்டும் இறக்கையடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பார்த்துவிடுங்கள். இறகு முளைத்து முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதுவரை முட்டையை எதிர்பார்க்க வேண்டாம்.

இறகின் எடையில் பெரும்பகுதி, நூற்றுக்கு 85 பங்குக்கு மேல், புரதம். ஆகவே இப்போது சோளத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும்; தீனியில் 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கலாம். இறகு வளரக் கந்தகம் கலந்த புரதக் கூறு தேவை, அது எள்ளுப் புண்ணாக்கில் நன்றாகவே உண்டு. ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கைப்பிடி எள்ளுப் புண்ணாக்கைப் பொடித்துக் கலக்கலாம். உப்பில்லாமல் காயவைத்த சிறு மீனும் ஆகும். உப்புக் கருவாடு ஆகாது. அசோலா என்னும் நீர்ச்செடியைத் தீவனத்துக்காக வளர்ப்பவர்கள் குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகும் என்பதை நினைவில் கொண்டு, அதை நம்பித் திட்டமிடாமல் இருப்பது நல்லது. இறகு முளைக்கும் தோல் வலிக்கும் என்பதால் கோழியை அடிக்கடி கையில் எடுக்காதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: தோட்டத்தில் வேலை. தீவனம் வாங்க வசதி குறைவு. மிஞ்சிய சோறும் பழைய பாணும் (பிரெட்) போடுகிறோம். குளிருக்கு இது காணுமா?

சோறும் பாணும் ஆற்றல் தரும், ஆகவே குளிருக்கு முற்றிலும் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் புரதம் குறைவு. பாணில் உப்பும் உண்டு. பூசணம் பிடித்த பாணை ஒருபோதும் போடாதீர்கள். சோற்றைப் பிழிந்து, தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் கலந்து பிசைந்து கொடுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருப்பதால் சோற்றின் குறையை ஓரளவு ஈடுகட்டும். முட்டையிடும் கோழிகளுக்கு மட்டுமாவது மாதத்துக்கு ஒரு சிறு பை முட்டைக்கோழித் தீவனம் வாங்க முடிந்தால், அதைக் காலையில் தனியாகக் கொடுத்து, சோற்றை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு இளைஞர்: மார்கழியில் அடைவைத்த முட்டைகள் பொரித்துவிட்டன. குஞ்சுகள் நாளுக்கு ஒன்றாகச் சாகின்றன. தாய்க்குப் போடும் முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுகளும் தின்கின்றன. எல்இடி பல்பும் போட்டிருக்கிறேன்.

இரண்டு தவறுகள் உடனே திருத்தப்பட வேண்டியவை. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், வெப்பம் தராது. முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். பழைய வகை குண்டு பல்போ, கோழிப்பண்ணைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அகச்சிவப்பு பல்போ வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்தும் கொத்தியும் திரிந்தால் சரியாக இருக்கிறது. மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டி வைக்க வேண்டாம். அதன் புகை குஞ்சையும் கொல்லும், உடன் படுப்பவரையும் கொல்லும்.

அடுத்து, முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள மிகுதியான கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பஞ்சாரத்துக்குள் குஞ்சுத் தீவனத்தையே போடுங்கள், தாயும் அதையே தின்னட்டும். குஞ்சோடு திரியும் கோழி முட்டையிடுவதில்லை என்பதால் அதற்குக் கால்சியம் குறைந்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

குளிரில் ஒடுங்கிய குஞ்சு தீனியைத் தேடி வராது. தின்னாததால் மேலும் குளிரும். அதனால் தீனித் தட்டையும் தண்ணீரையும் விளக்கின் சூடு எட்டும் எல்லைக்குள் வையுங்கள். முதல் இரண்டு நாள் கரடுமுரடான காகிதத்தின் மேல் ரவையாக உடைத்த சோளத்தைத் தூவி, விரலால் தட்டிக் காட்டினால் கொத்தப் பழகும். இவ்வளவும் செய்த பிறகும் சாவு நிற்காவிட்டால், இறந்த குஞ்சை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். வெள்ளைக் கழிச்சலாகவோ ரத்தக் கழிச்சலாகவோ இருந்தால் தீனியால் ஆவது ஒன்றுமில்லை.

இலண்டனிலிருந்து ஒரு வாசகி: தோட்டத்தில் நான்கு கோழிகள் வைத்திருக்கிறோம். நாங்கள் சைவம். மிஞ்சிய சோறு, சாம்பார்க் காய் போடலாமா? குளிர்காலத்துக்கு வேறு என்ன செய்ய வேண்டும்?

அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாகப் போன எந்த மிச்சத்தையும், செல்லமாக வளர்க்கும் கோழிக்குக்கூடப் போடக் கூடாது. பாலும் முட்டையும்கூட நுழையாத முழு நனிசைவ வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. மோரும் நெய்யும் புழங்கும் நம் சைவச் சமையலறை அந்த விலக்கில் அடங்காது. தோட்டத்தில் பறித்து, சமையலறைக்குள் கொண்டுபோகாமல் நேரே போடும் கீரைக்குத் தடையில்லை. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பறவைக் காய்ச்சல் காரணமாகக் கோழிகளை அடைத்து வைக்கச் சொல்லும் ஆணை குளிர்காலத்தில் வரக்கூடும். ஆணை இல்லாதபோதும் தீவனத்தையும் தண்ணீரையும் காட்டுப் பறவைகள் எட்டாதபடி கூரைக்குள் வைப்பது நல்லது.

உங்கள் ஊரில் குளிரைவிட இரவின் நீளம்தான் கோழிக்குப் பெரிய சோதனை. டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கோழி பதினாறு மணி நேரம் தின்னாமல் பரணில் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கே தானியத்தைப் போட்டுவிடுங்கள், கோழிக்கு 20 கிராம் வரை கொடுக்கலாம். விடியும் முன்பே தீவனத் தட்டு நிறைந்திருக்கட்டும். தரை உறைந்து கல் பொறுக்க முடியாத வாரங்களில், அரவைப்பைக்கு வேண்டிய சிறுகல்லைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

முட்டைக்காக விளக்குப் போட விரும்பினால், கூடுதல் வெளிச்சத்தை மாலையில் சேர்க்காமல் விடியற்காலையில் சேருங்கள். மாலையில் விளக்கு திடீரென்று அணைந்தால் கோழி பரணேற வழி தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிடும். விளக்கு நேரமும் பகலும் சேர்ந்து 14 மணி நேரம் வந்தால் போதும். அந்தக் கூடுதல் நேரத்தில் தட்டில் முட்டைக்கோழித் தீவனமும் உறையாத தண்ணீரும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வெளிச்சம் மட்டும் கொடுத்தால் கோழி தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து முட்டையிட்டு நலியும். இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் கோழிக்கு விளக்குப் போடாமல் விட்டுவிடுங்கள்.